மண்டியிடும் லாரி

எனக்கு லாரி ஓட்டத் தெரியாது, சார். பூதலூரில் எத்தனையோ லாரிகளுக்கு அடியில் படுத்தே ஆயுளைக் கழித்தவன், ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேர்த்துப்போவேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. என் பெயர் மருதையன். கமான் பட்டறை வைத்திருக்கிறேன். லாரியின் பாரத்தைச் சக்கரத்துக்கு மேலே தாங்குகிறதே, அந்த வளைந்த இரும்புப் பட்டைக்கட்டு, அதுதான் கமான்.

நடந்தது எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

என் மகள் எழில்மொழி கைக்குழந்தையாக இருக்கும்போதே அவள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். நான் பண்ணிக்கொள்ளவில்லை. பட்டறையிலேயே தொட்டில் கட்டினேன். தலை பின்னக் கற்றுக்கொண்டேன். அவள் எண்ணப் பழகியதே ஸ்பானர் நம்பரைப் பார்த்துத்தான். கல்யாணத்துக்கும், வீட்டோடு இருக்கச் சம்மதிக்கிற மாப்பிள்ளையாகத் தேடித் தேடி, சீர்காழியிலிருந்து அரவிந்தனைப் பிடித்தேன். நல்ல பிள்ளை. குடி கிடையாது, கைநீட்டும் பழக்கம் கிடையாது. அவரைப் பற்றி ஒரு குறையும் என்னால் சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளையிடம் ஒரு செயின் அறுவடை மிஷின் இருந்தது. சேற்று வயலில் டயர் புதையும், செயின் புதையாது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோக ஒரு பழைய லாரி. மிஷினை லாரியில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. லாரியின் பின்பக்கத்துக்குச் சமமாக ஒரு மேடு வேண்டும். நம் பக்கத்தில் ஆற்றங்கரை, வாய்க்கால்கரை என்று ஏதாவது அகப்பட்டுவிடும். ஒரு நாள் சாப்பிடும்போது அவர் பேச்சை எடுத்தார்.

"மாமா, கேரளாவுல குட்டநாட்டுலேர்ந்து கூப்பிடுறாங்க. அங்க மேடே கிடையாதாம், எங்க பாத்தாலும் தண்ணியாம். லாரி தானா கீழ எறங்கி மிஷினை ஏத்திக்கிற மாதிரி செஞ்சு குடுத்தீங்கன்னா, வருஷம் முழுக்க வேலை இருக்கு. ஆலப்புழையில வீடும் பாத்துட்டேன்."

"யாருக்கு வீடு?" என்று கேட்டேன்.

"எங்க ரெண்டு பேருக்குந்தாம்ப்பா," என்றாள் எழில், சோற்றைப் பிசைந்தபடி. "நீங்க அப்பப்ப வந்து பாத்துட்டுப் போங்க."

வந்து பார்த்துவிட்டுப் போவதாம். அன்று தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அதற்கப்புறம் நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை, சார். பட்டறையை மாப்பிள்ளை பேருக்கே எழுதிவைக்கிறேன் என்றேன். குறுவை முடியட்டும் என்றேன், சம்பா முடியட்டும் என்றேன். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு தடவை படுத்தும் பார்த்தேன். டாக்டர் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். எழில் என் தலையைக் கோதிக்கொண்டே, "எப்படியும் போகத்தான் போறோம்ப்பா," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அவள் இல்லாத வீட்டில் எதற்காக எழுந்திருப்பேன், யாருக்கு உலை வைப்பேன் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. பயம், சார். வேறு பெயர் அதற்கு இல்லை.

அதனால் வேலைக்கு ஒப்புக்கொண்டேன்.

வேலை அருமையாக அமைந்தது. அதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பின்பக்கக் கமான்களைக் கழற்றிவிட்டு, ஆம்னி பஸ்ஸுக்கு அடியில் இருக்குமே ரப்பர் பலூன், அதை இரண்டு பக்கமும் வைத்தேன். காற்றை இறக்கினால் லாரி பின்பக்கமாக மண்டியிட்டுவிடும். காற்றை ஏற்றினால் எழுந்து நிற்கும். இப்படியொன்றை நான் இதற்கு முன் எங்கும் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இரண்டு பலூனுக்கும் நடுவே ஒரு குழாய் போகிறது. லாரி படுக்கும்போது இரண்டும் சமமாக இறங்க அது திறந்திருக்க வேண்டும். ஓடும்போது மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால், வண்டி ஒரு பக்கம் சாய்ந்ததும் அந்தப் பக்கத்துக் காற்று பாரம் தாங்காமல் மறுபக்கம் ஓடிவிடும். சாய்ந்தது இன்னும் சாயும். அதற்காகக் குழாயில் ஒரு வால்வு வைத்தேன். கைப்பிடியைத் திருப்பினால் மூடும். அதாவது, மூடியது மாதிரித் தெரியும். உள்ளே வழியை அடைக்கிற குண்டை நான் எடுத்துவிட்டிருந்தேன்.

மாப்பிள்ளையைக் கொல்ல நினைக்கவில்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையோ காலோ முறியும், மிஷின் நொறுங்கும், குட்டநாட்டுப் பேச்சு அதோடு அடங்கும். அவரையும் உட்காரவைத்து நானே சோறு போட்டிருப்பேன். எங்கள் கரைச்சாலையை ஒட்டி ஓடுகிற கால்வாயில் தண்ணீர் கரை தொட்டுப் போகிற சமயம் அது என்பது என் நினைவில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் வேலை முடிந்து வண்டி வெளியே வந்தால், பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தை நசுக்கியதும், முதல் ஓட்டத்தில் வீட்டுப் பெண் முன்சீட்டில் ஏறி உட்காருவாள். மகாலட்சுமியே ஏறிய கணக்கு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. வெறும் வண்டியாகக் கோயிலைச் சுற்றிவிட்டு வருவார்கள், பாரம் இல்லாதபோது ஒன்றும் ஆகாது, மறுநாள் மிஷினோடு அவர் மட்டும் போவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

பூஜை நடக்கும்போது கண்ணுசாமி வந்து சேர்ந்தார். கால்வாய்க்கு அந்தப் புறம் குறுவை போட்டிருந்தவர். மழையில் பயிர் சாய்ந்து, நெல் கதிரிலேயே முளைவிடத் தொடங்கியிருந்தது.

"தம்பி, இன்னைக்கு அறுக்கலன்னா அவ்வளவும் மாட்டுக்குத்தான். ஒன்ன கும்பிட்டுக் கேக்குறேன்," என்று அரவிந்தனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு இளகிய மனசு. "அழாதீங்க. பூஜையோட அப்படியே ஏத்திக்கிட்டு வந்துர்றோம்," என்றார்.

லாரி படுத்தது. மிஷின் ஊர்ந்து ஏறியது. லாரி எழுந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள், எனக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது. எழில் பட்டுப்புடவையில் வந்தாள். பட்டறையில் வளர்ந்தவள் இல்லையா, ஏறுவதற்கு முன் குனிந்து வால்வைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னப்பா, இறுக்கமே இல்லாம சுத்துது?"

இந்த இடத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சார். ஏறாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாள். உண்மையைச் சொன்னால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பாள், அப்புறம் என் முகத்தில் விழித்திருக்க மாட்டாள். வால்வு சரியில்லை என்று மட்டும் சொன்னால் வேறு வால்வு மாட்டுவார்கள், வண்டி நன்றாக ஓடும், ஆலப்புழைக்குப் போய்விடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் அவள் போகிறாள். ஏறினால் மட்டும்தான் ஒருவேளை போகாமல் இருப்பாள்.

"புதுசும்மா, அப்படித்தான் இருக்கும். ஏறு," என்றேன்.

கரைச்சாலை திரும்பும் இடத்தில் லாரி கால்வாய்ப் பக்கம் சாய்ந்தது. நான் கணக்குப் போட்டிருந்த அதே வளைவுதான். மெதுவாகத்தான் சாய்ந்தது. மேலே இருந்த மிஷினும் கூடவே சரிய, வண்டி அப்படியே தண்ணீருக்குள் கவிழ்ந்தது. மாப்பிள்ளையை உயிரோடு எடுக்க முடியவில்லை. எழிலை எடுத்துவிட்டோம். இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை, இனி வராது என்கிறார்கள் டாக்டர்கள்.

வருத்தம் இல்லாமல் இருக்குமா? அழுதேன். ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தால் ஆகுமா? வீட்டை ஒழுங்குபண்ணிவிட்டேன். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். கடையில் விற்கிற சக்கர நாற்காலி நம் ரோட்டில் தூக்கிப் போடும், அவள் உடம்பு தாங்காது. அதற்கு நானே சின்னதாகக் கமான் அடித்துப் பொருத்தியிருக்கிறேன். மேடு பள்ளமே தெரியாது.

வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொன்னதே எழில்தான் என்கிறீர்கள். என்னை அப்பா வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள், சீர்காழியில் மாமியாரிடமே கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றாளாம். கோபத்தில் சொல்லியிருப்பாள். சின்ன வயதிலும் இப்படித்தான். கோபம் வந்தால் விறுவிறுவென்று தெருமுனை வரைக்கும் போய் நிற்பாள், பசித்ததும் திரும்பி வந்துவிடுவாள். இப்போது அதுவும் முடியாதே, சார். என்னை விட்டு அவள் எங்கே போய்விடப் போகிறாள்?