நான்காவது வயலின்

எங்கள் குடும்பத்தில் எல்லாருக்குமே காது கூர்மை. தங்கைக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

இருவரும் ஒரே இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறோம். அவள் முதல் வரிசை, நான் கடைசி வரிசை. இருபத்திரண்டு வருடமாக என் வாசிப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்கு வயலின்களுக்கு மட்டும் எழுதிய இசையைப் பதிவு செய்யும் வாய்ப்பு வந்தபோது, "அண்ணன் இல்லாம நான் பண்ண மாட்டேன்" என்று இசைத்தட்டு நிறுவனத்தாரிடம் பிடிவாதம் பிடித்து என்னைச் சேர்த்ததும் அவள்தான். அதை நான் மறைக்கவில்லை.

இசைக்குழுவில் பக்கத்தில் பதினைந்து வயலின் இருக்கும். இங்கே நான்கே நான்கு. ஒளிந்துகொள்ள இடமில்லை.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. பாதி வாசிப்பில் வில்லை உயர்த்துவாள். "அண்ணா, சுருதி ஒரு பொடி கீழ இருக்கு." மறுபடி முதலிலிருந்து. மறுபடி வில். மூன்று நாளில் இரண்டு பக்கம்கூடத் தாண்டவில்லை. மூன்றாவது வயலின்காரர் மேற்கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். எனக்குப் பல்லைக் கடித்துத் தாடையே வலித்தது. நானும் மனிதன்தானே.

மூன்றாம் நாள் பிற்பகல் அவள் என் நாற்காலிக்குக் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்: "அண்ணா, இந்தப் பகுதியில நீங்க வில்லை மட்டும் சும்மா அசைங்க. உங்க வரியையும் நானே அப்புறமா வாசிச்சு சேத்துடறேன். வெளிய யாருக்கும் தெரியாது."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் ஒலிவாங்கி திறந்திருந்தது. மற்ற இருவரின் ஹெட்ஃபோனிலும் அது கேட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் தலை குனிந்துகொண்டார்.

தேநீர் இடைவேளையில் எல்லாரும் வெளியே போனார்கள். அவள் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து, ஒலிப்பதிவாளர் ஓட விட்டுப் போன முந்தைய பதிவை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கட்டுப்பாட்டு அறைக்குள் போனேன். அவளுடைய ஹெட்ஃபோனுக்கு எந்தக் குமிழ் என்று முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். அதை முழுக்கத் திருகினேன். கருவியைச் சோதிக்க ஒரு கூவல் ஒலி வைத்திருப்பார்கள். அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

எட்டு எண்ணினேன். எங்களுக்கு எண்ணிப் பழக்கம்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். ஒரு கையில் வயலின், மறு கையில் வில். வயலினைக் கீழே போட அவளுக்கு மனம் வராது. அது எனக்குத் தெரியும். உயிரே போகிற மாதிரி கத்தினாள். ஆனாலும் குனிந்து, வயலினைத் தரையில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் காதைத் தொட்டாள். அதற்குள் நான் எட்டு எண்ணி முடித்திருந்தேன். குமிழை அப்படியே விட்டுவிட்டு, மற்றவர்கள் ஓடி வந்தபோது நானும் ஓடினேன். தண்ணீர் கொடுத்தது நான்தான்.

தடித்த குரல்கள் அவளுக்கு இப்போதும் கேட்கின்றன. வயலினின் மெல்லிய மேல் சுரங்கள்தான் போய்விட்டன. அவை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எந்நேரமும் காதுக்குள் இரைச்சல். தூக்கம் இல்லை.

கவனக்குறைவு என்று ஒலிப்பதிவாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நல்ல மனிதர். அடுத்தவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நடமாட என்னால் முடியாது. அதனால்தான் நானே காவல் நிலையத்துக்கு உங்களைத் தேடி வந்தேன்.

அவளுடைய இடத்துக்கு வேறொருவரை வைத்துப் பதிவை முடித்தோம். போன வாரம் இசைத்தட்டு வெளிவந்தது. நானே கொண்டுபோய் அவள் வீட்டில் போட்டுக் காட்டினேன். ஒலிபெருக்கியின் மேல் உள்ளங்கையை வைத்து, கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லா வந்திருக்குண்ணா."

என் வரியில் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் ஆரம்பத்திலிருந்தே சுருதியோடுதான் வாசித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறுதியானது.