புனலூர் லோடு

— கதவத் தொறங்க வாப்பா, சாரல் அடிக்கி. கம்பெனி வாசல் வர வந்துட்டு காருக்குள்ளயே உக்காந்திருக்கியளே, இது யாரு கம்பெனி?

— உன் கம்பெனி. போர்டுல உன் பேருதான தொங்குது. ‘ஹஸீபா பழ டின் தொழிற்சாலை’.

— அது நான் பொறந்த வருசம் நீங்க வச்ச பேரு.

— வைக்கையில நீ தொட்டில்ல கெடந்தே. எந்திரிச்சு வந்து என் சேர்ல உக்காருவன்னு யாரு கண்டா? சரி, எதுக்கு மழையில ஓடியார?

— ஒண்ணு கேக்கணும். தங்கச்சன் அண்ணாச்சிக்குப் போன் போட்டியளா?

— எந்தத் தங்கச்சன்?

— வாப்பா. புனலூர்க்காரரு. நம்ம அன்னாசி டின்ன இருவது வருசமா வாங்குதவரு.

— நான் எதுக்கு அவனுக்குப் போடுதேன்? நெஞ்சு ஆப்பரேசனுக்குப் பெறவு ஒதுங்கி இருங்கன்னு நீயும் உங்க உம்மாவும்தான சொன்னிய. ஒதுங்கிட்டேன், கேட்டியா. கெழங்கட்ட மாதிரி பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் நடக்கேன்.

— நம்ம லோடு செங்கோட்ட தாண்டி அவரு குடோனுக்குப் போன அன்னைக்கே நீங்க பேசுனியன்னு அவரே சொல்லுதாரு. ஏன் ஒளிக்கிய?

— அவன் ஆயிரம் சொல்லுவான். இப்ப நீ சொன்னாத்தான அவனுக்கும் வேதம். ஊருக்கே வேதம்.

— ஊரு எங்க வந்துச்சு இதுல?

— வராம? நேத்து ஜும்ஆ முடிஞ்சு வெளிய வாரேன். ஒரு பய ஸலாம் சொல்லுதான். பக்கத்துல நிக்கவன்ட்ட என்னய யாருன்னு சொன்னான் தெரியுமா? ‘ஹஸீபாக்கா வாப்பா’ன்னான். ரெண்டு தடவ டவுன் பஞ்சாயத்துச் சேர்மன் நான். அருவிக்கர‌யில பொம்பளையாளு ஈரத்துணியோட நிக்கக்கூடாதுன்னு, உடுப்பு மாத்துத ரூமுக்காவ ஆபீஸ் ஆபீஸா காலு கடுக்க நின்னவன் நான். ‘டின்’ மைதீன்னா வீரகேரளம்புதூர் வர தெரியும். இப்ப நான் உன் வாப்பா. அவ்வளவுதான்.

— அது கொறச்சலா வாப்பா?

— கொறச்சலுதான். வாய்விட்டுச் சொன்னா அசிங்கம். ஆனா கொறச்சலுதான். வர்த்தக சங்கத்துக்குத் தலைவரா நில்லுன்னு சால்வையும் கையுமா வந்தானுவல்லா? அன்னைக்கு நான் நடுவீட்டுல உக்காந்திருக்கேன். என்னயத் தாண்டிப் போயி உன்னயச் சுத்தி நிக்கானுவ. எல்லாம் நான் கையப் பிடிச்சு சங்கத்துல சேத்துவிட்ட பயலுவ.

— நான் இன்னும் சரின்னு சொல்லல.

— சொல்லுவ. நல்லாவும் செய்வ. அதான் எனக்குத் தாங்கல, கேட்டியா. என் காலத்துல கரண்டு போனா பாதிப் பழம் அழுவிப்போவும். நீ வந்த பெறவு ஒரு பழம் அழுவல. லோடு எடுங்கன்னு நான் தங்கச்சன்ட்ட கெஞ்சினேன். ஒன்ட்ட, லோடு தாங்கன்னு அவன் கெஞ்சுதான்.

— நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க வாப்பா. போன் போட்டியளா இல்லியா?

— போட்டேன். போதுமா?

— என்ன சொன்னிய?

— டின்னு மூடி சரியாக் கடிக்கல, காத்து ஏறும், இந்த லோட எடுக்காதன்னேன்.

— அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— எப்படியும் தெரியல! பொய்யி. ஒரு டின்னக்கூட நான் கண்ணால பாக்கல. லோடு திரும்பி வரணும். நீ கையப் பிசைஞ்சுக்கிட்டு, ‘என்ன செய்ய வாப்பா’ன்னு என்ட்ட ஓடியாரணும். ஒரு தடவயாவது. அதுக்காவச் சொன்னேன். பெத்த பிள்ள மேல பொறாமப்பட்டுச் சொன்னேன்.

— வாப்பா...

— இரு, முடிச்சிருதேன். போன வச்ச பெறவுதான் உள்ள வேல பாக்க பொம்பளையாளு ஞாபகம் வந்துச்சு. லோடு போவலன்னா அவளுவளுக்குத்தான வேல போவும். மறுபடி போட்டு மாத்திச் சொல்லலாம்னு போன எடுத்தேன். வெக்கம் விடல. அதான் உள்ள வராம இங்கன உக்காந்திருக்கேன். வைய்யி, நல்லா வைய்யி.

— நீங்க சொன்னா தப்பாதுன்னு தங்கச்சன் அண்ணாச்சி பெட்டியப் பிரிச்சுப் பாத்திருக்காரு. மூடி நெசமாவே கடிக்கல வாப்பா. இங்கன மூடிய அமுக்குத மிஷின்ல உருள தேஞ்சிருக்கு, எங்க யாரு கண்ணுலயும் படல. பாதி டின்னு உப்பிப் போயிக் கெடக்காம். அங்கன ஆஸ்டல் பிள்ளையளுக்குப் போவ இருந்த டின்னு. எப்படியோ நீங்க கண்டுபிடிச்சுட்டிய, எனக்குத் தலகுனிவு வரக்கூடாதுன்னுதான் ஒளிக்கியன்னு நெனச்சேன். உள்ள எல்லாரும் உங்களப் பாக்கணும்னு நிக்காவ. நான் நன்றி சொல்லிக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தேன்.