ஒரே ஒரு விலக்கு

பாஸ்வேர்டை யாரும் ஒழுங்காக வைப்பதில்லை, ஐயா. எங்கள் மாடியில் பாதிப் பேருக்குப் பிள்ளை பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்தான். உனக்கெப்படித் தெரியும் என்பீர்கள். லிஃப்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டா நிற்க முடியும்?

குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று போனில் காட்டும் செயலி எங்கள் கம்பெனியுடையது. அதில் உள்நுழைவுப் பகுதி என் வேலை. ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால் போனுக்கு ஒரு டோக்கன் கிடைக்கும், அனுமதிச் சீட்டு மாதிரி. பிறகு போன் அதைக் காட்டியே உள்ளே வரும். பாஸ்வேர்டை மாற்றினால் பழைய டோக்கன்கள் எல்லாம் செல்லாமல் போக வேண்டும். அதை நன்றாகவே எழுதியிருந்தேன்.

எதிர்வீட்டு டீச்சர், கணவனை விட்டுக் கிளம்பிய அன்று என்னிடம் வந்தாள். கழுத்தைத் துணியால் மறைத்திருந்தாள். நான் பார்த்துவிட்டேன்.

"அண்ணா, பாஸ்வேர்டை மாத்திட்டேன். அம்மாவுக்கு மட்டும்தான் குடுத்திருக்கேன். அவருக்கு இனிமே நான் இருக்கற இடம் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா. நான் பண்ணினதுதானே. நிம்மதியா போ."

அன்றைக்கே அவள் கணவன் போனிலிருந்த பழைய டோக்கன் மட்டும் மறுபடி செல்லும்படி விலக்கு எழுதினேன். ஒரே வரி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆறு வருடமாக அந்த வீட்டுச் சண்டையைக் கேட்டவன் நான். சேர்வார்களா, மாட்டார்களா என்று தெரிய வேண்டாமா?

"உங்களுக்கு எதுக்குங்க ஊர் வம்பு?" என்றாள் என் மனைவி. கொஞ்சம் பொறுத்து அவளே, "இப்ப எங்க இருக்காளாம்?" என்றாள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் போன் அவள் இருக்குமிடத்தைக் கேட்டது. சர்வர் சொன்னது. செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு என் திரை வரைபடத்தில் அவன் புள்ளி கிளம்பியது. வழியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பன்னிரண்டு நிமிடம் நின்றது. அப்புறம் நேராகப் போனது. என் டீ ஆறிப்போனது.

நீங்கள் கேட்பது நியாயம். அவன் டோக்கனை ரத்து செய்கிற பொத்தான் திரையிலேயே இருந்தது. டீச்சரின் நம்பரும் என்னிடம் இருந்தது. சமாதானம் பேசப் போகிறான் என்று நினைத்தேன். அந்தக் கடையைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

இரண்டு புள்ளிகளும் ஒன்றாயின. இருபது நிமிடம் கழித்து அவனுடையது மட்டும் கிளம்பியது. அவளுடையது நீங்கள் போய் எடுக்கும்வரை அங்கேயே இருந்தது.

ரத்து செய்திருந்தால் அவன் புள்ளி என் திரையிலிருந்து போயிருக்கும், ஐயா. அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் யாரைப் போய்க் கேட்பேன்?