பேக்கேஜில் வைக்காத இரண்டாவது ஃபைல்

கோவை சைபர் குற்றப் பிரிவில் நடந்துவரும் விசாரணையில், துடியலூரில் குடியிருக்கும் பாலுசாமி மகள் மோகனப்பிரியா, வயது 33, நேரில் ஆஜராகிச் சொன்னதாவது:

சரவணம்பட்டியில் கிருபாசங்கர் என்பவர் நடத்தும் மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். என்மீது புகார் கொடுத்திருப்பவர் அவர்தான். டயாலிசிஸ் மையங்களில் எந்த நோயாளியை எந்த மெஷினில் போடுவது என்று சொல்லும் மென்பொருளை அங்கே தயாரிக்கிறார்கள். மஞ்சள் காமாலை பி கிருமி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் உண்டு. மாற்றிப் போட்டால் அடுத்தவருக்குத் தொற்றிக்கொள்ளும். அங்கே தரை துடைப்பவருக்கும் இது தெரியும்.

முன்பெல்லாம் யாருக்குக் கிருமி இருக்கிறது என்பதை நர்சுகள் குறிப்புக் கட்டத்தில் எழுதி வந்தார்கள். மென்பொருளில் புதிதாகச் சேர்த்த பகுதியான மாட்யூலில் அதற்கென்று தனிக் கட்டம் வைத்தோம். பழைய தகவலைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலையை மைக்ரேஷன் ஃபைல்கள் செய்யும். அவற்றை மாட்யூலோடு ஒரே பேக்கேஜில் வைத்து அனுப்ப வேண்டும். நான் எழுதிய முதல் ஃபைல் கட்டத்தை உண்டாக்கி, எல்லோருக்கும் 'தெரியாது' என்று போடும். 'தெரியாது' என்று இருந்தால் திரை சிவப்பாகி மெஷின் ஒதுக்காது. இரண்டாவது ஃபைல் பழைய குறிப்பைப் படித்து 'உண்டு', 'இல்லை' என்று நிரப்பும். மூன்றாவது, ஏதாவது கோளாறானால் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும். போகும்போதே திரும்பி வர டிக்கெட் எடுக்கிற ஆள் என்று கிருபாசங்கர் என்னைக் கேலி செய்வார்.

கடந்த வெள்ளிக்கிழமை மூன்றையும் ஒப்படைத்துவிட்டு விடுப்பில் சென்றேன். அதன் பிறகு சனிக்கிழமை கடைசி ஷிப்ட் முடிந்ததும் கிருபாசங்கரே பேக்கேஜைக் கட்டி, சத்தியமங்கலத்தில் உள்ள மையத்தில் நிறுவியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கே டயாலிசிஸ் கிடையாது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு உடுமலைப்பேட்டை டாக்டர்கள் அங்கே வந்து மாட்யூலைப் பார்த்து வாங்குவதாக இருந்தது.

திங்கட்கிழமை காலை 7.10 மணிக்கு அந்த மையத்தின் மூத்த நர்ஸ் உம்மல் குல்சும் போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், சின்னானை ரெண்டாம் நம்பர் மெஷின்ல போடச் சொல்லுதுங்க. கிருமி இல்லைன்னு காட்டுதுங்க. நாலு வருசமா நாலாம் நம்பர்லயே போடறவருங்க அவரு."

சின்னான் அங்கே வரும் நோயாளி. அவருக்கு அடுத்து இரண்டாம் மெஷினில் ராமாமணி என்ற பெண்மணியின் பெயர் இருந்தது. அவருக்குக் கிருமி இல்லை.

அதன் பிறகு வீட்டிலிருந்தே பேக்கேஜைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது ஃபைல் இல்லை. அது இல்லாவிட்டால் திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும். வருகிறவர்கள் அதைப் பார்க்கக் கூடாது என்று, முதல் ஃபைலில் 'தெரியாது' என்பதை எடுத்துவிட்டு 'இல்லை' என்று கிருபாசங்கர் மாற்றியிருந்தார். அறுபத்து மூன்று நோயாளிகளுக்கும் 'இல்லை'. அதில் ஏழு பேருக்கு உண்டு. கிணற்றில் மோட்டாரை இறக்கிவிட்டு குழாயின் அடியில் மாட்டும் ஃபுட் வால்வை வண்டியிலேயே விட்டு வருவது போன்ற வேலை இது. அதிலாவது தண்ணீர் வராமல் நின்றுவிடும். இது நிற்காமல் ஓடியது.

அதன் பிறகு கிருபாசங்கரை அழைத்தேன். மூன்றாவது முறை எடுத்தார். இரண்டாவது ஃபைல் ஓட நாற்பது நிமிடம் ஆனதால் விட்டுவிட்டதாகவும், நர்சுகள் பிறகு ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்வார்கள் என்றும் சொன்னார். எட்டரை மணி ஷிப்டில் இருப்பது புதிதாகச் சேர்ந்த நர்ஸ், அவருக்கு யாரையும் தெரியாது என்று சொன்னேன்.

"நீ எதையும் தொடாத அம்மணி. வந்தவங்க பாத்துட்டுப் போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு, யாரையும் மெஷினில் போடாமல் நிறுத்தி வைக்கும்படி உம்மல் குல்சுமிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை முதல் முன்பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவு என்று ஏறியிருந்த 41 பதிவுகளும் மூன்றாவது ஃபைலை ஓட்டினால் அழிந்துவிடும் என்பதால் அவற்றை நகல் எடுத்தேன். இரண்டாவது ஃபைல் 'தெரியாது' என்று உள்ள இடத்தை மட்டுமே நிரப்பும், எங்கும் 'இல்லை' என்று இருந்ததால் அதை ஓட்டிப் பயனில்லை. 8.20 மணிக்கு, எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த பாஸ்வேர்டில் உள்ளே சென்று, தெரிந்தே மூன்றாவது ஃபைலை ஓட்டினேன். திரை பழையபடி ஆனது. சின்னானை நாலாம் மெஷினில் போட்டுவிட்டதாக 8.40-க்குச் செய்தி வந்தது. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. பதினொரு மணிக்கு வந்த டாக்டர்கள் பழைய திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். 41 பதிவுகளை அழித்தேன் என்று புகாரில் இருக்கிறது. நகல் எடுத்தது அதில் இல்லை. நகலை இன்று பென் டிரைவில் ஒப்படைத்திருக்கிறேன்.

புதன்கிழமை என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். கவனக் குறைவால் நடந்துவிட்டது என்று கடிதம் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குவதாகக் கிருபாசங்கர் சொல்லி அனுப்பினார். கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அவர் கட்டிய பேக்கேஜ்தான் சரி என்று ஆகிவிடும். நாளைக்கு அதுவே உடுமலைப்பேட்டைக்கும் போகும். என்னைச் சிறையில் போட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மேற்கண்டதைச் சார்பு ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். மூன்றாவது ஃபைலை ஓட்டினேன் என்ற இடத்தில் 'தவறுதலாக' என்று எழுதியிருந்தார். எனக்கு நல்லதாக இருக்கட்டும் என்று எழுதியதாகச் சொன்னார். அவருக்கு நன்றி. நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அடிக்கச் சொல்லி, 'தெரிந்தே' என்று என் கையால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
பா. மோகனப்பிரியா