அழித்தாலும் வரும் மெயில்பாக்ஸ்

— இல்ல, இன்னைக்கும் வந்துடுச்சு. நேத்து சாயந்திரம் அடியோட அழிச்சுட்டுத்தான் கிளம்பினேன். காலையில சர்வரைத் திறந்தா பளிச்னு உக்காந்திருக்கு.

— யாரோட மெயில்பாக்ஸ்?

— அதான்… வேலையை விட்டுப் போனவங்களோடது. நாளைக்குப் புது சர்வருக்கு மாறுறோம், அதுக்குள்ள எல்லாத்தையும் எடுக்கச் சொல்லிட்டார் மேனேஜர். மத்ததெல்லாம் மறுபேச்சு இல்லாம போயிடுச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் வாரம் பூரா அடம்பிடிக்குது.

— யாரோடதுன்னு கேட்டேன்.

— உன்னோடது.

— ஓஹோ! அதனாலதான் ஆறு மாசம் கழிச்சு பொண்டாட்டி நம்பர் ஞாபகம் வந்துச்சாக்கும்.

— குத்திக் காட்டாதே. இந்த சர்வரை முதல்ல செட் பண்ணவளே நீதான். உன்னை விட்டா யாரைக் கேக்க? நாளைக்குள்ள போகலைன்னா மேனேஜர் என்னை வறுத்தெடுத்துடுவார்.

— சரி சரி, புலம்பாதே. சாப்பிட்டுக்கிட்டே கேக்குறேன், ஒண்ணொண்ணா சொல்லு. யூசரை அழிச்சியா?

— அழிச்சேன்.

— பெட்டியை?

— வேரோட. சர்வரைக்கூட ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன்.

— அது ஒண்ணு தெரியும் உனக்கு. ஃபேன் சத்தம் போட்டா ஆஃப் பண்ணு, பொண்டாட்டி சத்தம் போட்டா பையைத் தூக்கு.

— நான் ஒண்ணும் சும்மா தூக்கல. புது வேலைக்குப் போறேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, என்கிட்ட கடைசியில சொன்னே.

— சமாதானமா பேசலாம்னு திரும்பினா, ஐயா அக்கா வீட்டு சோபாவுல.

— அந்த சோபாவைப் பத்தி மட்டும் பேசாதே. தலையை வச்சா கால் வெளியே, காலை வச்சா தலை வெளியே.

— நல்லா வேணும். சரி, அழிச்சதும் என்ன பண்ணுவே?

— போயிடுச்சான்னு பாக்க அந்த விலாசத்துக்கே ஒரு டெஸ்ட் மெயில் அனுப்புவேன். ஆள் இல்லைன்னு திரும்பி வரணும்ல?

— வருதா?

— வரல.

— அப்போ அது எங்கேயோ போய்ச் சேருதுடா! மெயில் வந்து நின்னு, வைக்கப் பெட்டி இல்லைன்னா, நம்ம சர்வர் தானாவே ஒரு பெட்டி செஞ்சு வச்சுக்கும். அழிக்கிறவனும் நீ, உயிர் குடுக்கிறவனும் நீ.

— அட, ஆமா! ஆனா யூசரே இல்லையே, எப்படி வாங்குது?

— ஃபார்வர்டு பக்கத்தைத் திற. என் பேர் இருக்கா பாரு.

— இரு… இருக்கு. ஒரு வரி. வர்றதுல ஒரு நகலை இங்கேயே வச்சுட்டு, இன்னொண்ணை வெளியே அனுப்பச் சொல்லியிருக்கு. எவன் போட்டான் இதை?

— நீதான். நான் அங்கேருந்து கிளம்புற அன்னிக்கு, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே போட்டே. முக்கியமா ஏதாவது வந்தா எனக்குக் கிடைக்கட்டும்னு.

— சுத்தமா மறந்துட்டேன். அப்போ அந்த இன்னொரு நகல் எங்கே… ஐயையோ.

— ஐயையோதான். என் சொந்த மெயிலுக்கு. தினமும் சாயந்திரம் டாண்ணு வந்துடும். டெஸ்ட் மெயில்னா டெஸ்ட்னு எழுதுவாங்க. "இருக்கியா"ன்னு எவனாவது எழுதுவானா?

— அது வந்து…

— "சாப்பிட்டியா." "முதுகு ஒடியுது." நேத்து, "நம்ம வீட்டுக்கு வரணும்போல இருக்கு."

— அழிஞ்ச பெட்டிக்குத்தானே போகுது, யாரு படிக்கப் போறான்னு நினைச்சேன். முதல் நாளே தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல?

— திறந்திருந்தா மறுநாள் வந்திருக்குமா? சாயந்திரம் ஆனா போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். சந்தோஷமா இருந்துச்சு, போதுமா?

— எனக்கும்தான். எழுதி அனுப்பிட்டுப் படுத்தா, சோபாவுல கூட தூக்கம் வந்துச்சு. இப்போ இந்த வரியை என்ன பண்ண?

— எடுத்துடு. பெட்டியையும் அழிச்சுடு, இனிமே முளைக்காது.

— அழிச்சுட்டு டெஸ்ட் மெயில் அனுப்பட்டுமா?

— எதுக்கு? வீட்டுப் பூட்டை நான் மாத்தவே இல்ல, சாவி உன் பையிலதானே கிடக்கு.