வீரம்மாவின் புருஷன் பேர்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரே சொல்லியிருக்கிறார். அதனால்தான் அப்பா என்னை அனுப்பினார்.

அம்மா தூங்கிவிட்டாள். விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். விடிந்தால் அப்பா போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போய் விசாரிக்கப் போகிறார்.

என் பேர் ரமணி. அப்பா பேர் கன்னையா. பிரிக்பீல்ட்ஸ் ரயில் ஷெட்டில் வேலை. ஊரில் வீரம்மாவைக் கட்டி மூன்றாம் மாதம் கப்பல் ஏறியவர். இங்கே என் அம்மாவோடு பதினாறு வருஷம் இருந்தார், தாலி கட்டாமல். இனிமேல் முறைப்படி கட்டினவள் இருந்தால்தான் குவார்ட்டர்ஸ் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

"வீரம்மாவ வரவழைக்கிறேன். நீயும் ரமணியும் கிள்ளான் பக்கம் எஸ்டேட்டுக்குப் போயிடுங்க. பால்மரம் வெட்ட ஆள் எடுக்கிறாங்க."

"ஒரு மஞ்சக் கயிறு கட்ட இம்புட்டு யோசனையா?" என்றாள் அம்மா.

"உனக்கா?" என்று சிரித்தார்.

கப்பல் வந்த அன்று அவருக்கு லீவு இல்லை. என்னைப் போகச் சொன்னார். "பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னு சொல்லு. என் மகள்னு உளறிடாத." முதல் பொய் அவர் சொல்லிக் கொடுத்தது.

கப்பலில் வந்தவர்களை நிறுத்தி விசாரிக்கும் துறைமுக முகாமில் வீரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒல்லி. வாயில் வெற்றிலை வாடை. மடியில் ஒரு பொட்டலம் புளி.

"அவுகளுக்கு முடி நரைச்சிருச்சா கண்ணு?"

"கொஞ்சம், அத்தை."

"எனக்குந்தான்," என்று வெட்கப்பட்டாள். எனக்கு அந்த வெட்கம் பிடிக்கவில்லை.

மேஜைக்குப் பின்னால் வெள்ளைக்காரர். தமிழ் தெரியாது. பொய்யாகப் பெண்டாட்டி என்று சொல்லி வருகிறவர்கள் அதிகமாம், அதனால் ஒவ்வொருத்தியிடமும் புருஷன் பேரைக் கேட்டு, கையிலிருக்கும் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தப்பாகச் சொன்னால் அடுத்த கப்பலில் திரும்ப வேண்டியதுதான்.

அவர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். வீரம்மா தலையைக் குனிந்தாள். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள். பதினேழு வருஷமாக அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை.

"நீயே சொல்லிடு கண்ணு," என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

நான் சொன்னேன். "தம்புசாமி, சார்."

அவர் காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் தம்புசாமி என்றேன். சிவப்பு மையில் கோடு போட்டார்.

வீட்டுக்கு வந்து, அவங்க இந்தக் கப்பலில் வரவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பினார். அம்மா அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். இன்னும் இங்கேதான் இருக்கிறோம்.

நேற்று வீரம்மாவின் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. கப்பல் ஏற்றிவிட்டதாகவும், அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை என்றும் எழுதியிருந்தார். அதே கப்பலில் திரும்பிய ஊர்க்காரர் ஒருவர், நாகப்பட்டினத்தில் எல்லோரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை, அவள் பொட்டலம் மட்டும் கப்பலில் கிடந்தது என்றாராம்.

கடலில் விழச் சொல்லி நான் சொல்லவில்லை. நம்பிக்கையை விட்டு ஒரே ஒரு தடவை அவள் புருஷன் பேரைச் சொல்லியிருக்கலாம். இந்த இரண்டு நாளாக இதையேதான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அவள் சொன்னாள்.

அன்று முகாமில் சிப்பந்தி அவள் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் அவளுக்கு ஏதோ புரிந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "கன்னையா" என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெள்ளைக்காரர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்போதுதான் பாவப்பட்டு அந்தப் பேரை நான் சொல்லிக்கொடுத்தேன், சார்," என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். அன்றைக்கு நான் பேசிய இங்கிலீஷில் ஒரு பிழைகூட இல்லை.