மீன்கொத்தி இருந்த கம்பு

எங்கள் வாவியில் காலை ஆறு இருபதிலிருந்து ஏழு பத்து வரைதான் படம் எடுக்க ஏற்ற வெளிச்சம். அதற்கு முன் எல்லாம் சாம்பல் நிறம். அதற்குப் பின் தண்ணீர் வெயிலைத் திருப்பி அடிக்கும்; வெள்ளை இறகுகள் வெளிறிப் போகும். இந்த ஐம்பது நிமிடத்துக்காகத்தான் நான் நான்கரை மணிக்கு எழும்புவேன்.

திடீர் மரண விசாரணை அதிகாரி ஐயா, இதை எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். எனவே முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிபாளையம் சீதேவி வாவி மடுவில் மூழ்கி இறந்தபோது, அவருடைய கணவர் நல்லரத்தினம் உங்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். மடுவுக்கு அடையாளமாக நட்ட கம்பைத் தான் சரியாகக் கவனிக்கவில்லை, அது இடம் மாறி நின்றதால்தான் தன் மனைவி இறந்தார் என்றார். ஊரும் அதையே சொல்கிறது. கோயில் திருவிழாக் கூட்டத்துக்குக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. கம்பு இடம் மாறி நின்றது உண்மை. மாற்றியவன் நான். அவர் மேல் விழுந்த பழியை எடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வேறு காரணமும் இருக்கலாம். அதைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை.

என் பெயர் மதுஷன். வயது இருபத்து மூன்று. பகலில் மட்டக்களப்பு நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலை புகைப்பட வகுப்பு. வகுப்பை நடத்துபவர் காத்தான்குடி பஹ்மி சேர். ஒவ்வொரு மாணவனும் ஒரு குறிப்புக் கொப்பி வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. நாள், நேரம், காற்று, வெளிச்சம், பறவை, அது இருந்த இடம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. எனக்குத் திறமை இருக்கிறதா என்பது எப்போதும் சந்தேகம். ஒழுங்கு இருந்தால் போதும் என்று நினைத்தேன். இந்தக் கடிதத்தில் வரும் நேரங்களும் அளவுகளும் அந்தக் கொப்பியிலிருந்து எடுத்தவை.

முதலில் வண்ணத்துப்பூச்சிகளை எடுத்தேன். அவை ஓரிடத்தில் இருப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியில் கால் மணி நேரம் வைத்தால் சிறகு விரித்தபடி அசையாமல் இருக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். தயிர்ச்சட்டிக்குள் மூடி வைத்துச் செய்து பார்த்தேன். பிறகு பூவில் எடுத்து வைத்தால் தானாக வந்து இருந்தது போலவே படத்தில் தெரிந்தது. பதினான்கு பூச்சிகளில் பதினொன்று வெயில் பட்டதும் பறந்தன. மூன்று பறக்கவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் படங்களை வகுப்பில் காட்டியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை.

வகுப்புக்குச் சொந்தமாக ஒரு அறுநூறு மில்லிமீற்றர் லென்ஸ் உண்டு. முழங்கை நீளம், நல்ல பாரம். முறை வைத்து ஆளுக்கு இரண்டு வாரம் தருவார்கள். என் முறை பங்குனி மாதத்தில் வந்தது. வருட முடிவுக் கண்காட்சிக்கு ஒவ்வொருவரும் ஒரு படம் கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டிய படம் எதுவென்று முன்பே தீர்மானித்திருந்தேன். கறுப்பு வெள்ளை மீன்கொத்தியில் ஆண் மீன் பிடித்துவந்து பெண்ணுக்கு ஊட்டும். இரண்டும் ஒரே கம்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஊட்டும் நேரம் இரண்டு மூன்று வினாடிதான்.

அந்தச் சோடி வழக்கமாக வந்து இருப்பது குறிக்கம்பில். வீதி வேலைக்கு மண் அள்ளியவர்கள் வாவிக்குள் ஒரு பெரிய மடுவை விட்டுப் போனார்கள். சுற்றி எங்கும் இடுப்பளவு தண்ணீர், அங்கே மட்டும் இரண்டு ஆள் ஆழம். கலங்கல் தண்ணீரில் விளிம்பு தெரியாது. அதனால் நல்லரத்தினம் அண்ணன் ஒவ்வொரு வருடமும் மாரி வெள்ளம் வடிந்ததும் மடுவின் இடப்பக்க விளிம்பில் கண்ணா என்கிற அலையாத்தி மரத்துக் கம்பு ஒன்றை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுவார். யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவராகச் செய்வது. இறால் தடவப் போகும் பெண்கள் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவியபடிதான் நடப்பார்கள். கரையைப் பார்க்க மாட்டார்கள். இடைக்கிடை நிமிர்ந்து கம்பை மட்டும் பார்ப்பார்கள். கம்புக்கு இடப்பக்கத்தால் போனால் வாவி நடுவிலுள்ள மணல் திடல் வரைக்கும் பயமில்லை. இன்னொருவர் நட்ட கம்பில் எங்கள் வாவியில் யாரும் கை வைப்பதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று முதலில் எழுதினேன். பிறகு வெட்டினேன். சீதேவி அக்காவே எனக்குச் சொன்னார். முதல் நாள் நான் கரையில் பச்சைத் துணி மூடி இருந்தபோது, இடுப்பில் இறால் போடும் கூடையான பறியைக் கட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் நிறச் சட்டை, கணவருடைய பழைய சட்டை.

"என்ன மனே, குருவிக்குப் பொம்புள பாக்க வந்திருக்கயா?"

சோடி ஏற்கனவே இருக்கிறது, படம்தான் எடுக்க வேண்டும் என்றேன்.

"அந்தக் கம்புக்குச் சோத்தாங்கைப் பக்கம் போயிராத. அங்கால மடு. நீ தண்ணிக்குள்ள தாண்டு போனா முதல்ல உன்ட குழாயத்தான் எடுப்பம், அதான் பெறுமதியான சாமான்."

பிறகு தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். அடையாள அட்டையில் பேய் மாதிரி இருக்கிறேன் என்றார். இந்த லென்ஸ் தூரத்தில் இருப்பதைத்தான் எடுக்கும், கிட்ட நிற்பவரை எடுக்காது என்று விளக்கினேன்.

"அப்ப நான் தூரமாப் போய் நிக்கன்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி தண்ணீரில் இறங்கினார். நான் எடுக்கவில்லை. பறவை வரும் நேரம்.

கம்பில் இரண்டு குறைகள். ஒன்று, தூரம். என் இடத்திலிருந்து அறுபது மீற்றர்; பறவை சிறிதாக விழுந்தது. மற்றது பின்னணி. பின்னால் ஒரு இறால் பண்ணையின் சீமெந்துச் சுவரும் தொலைபேசிக் கோபுரமும் நின்றன. கம்பு வலப்பக்கமாகவும் கரைப்பக்கமாகவும் வந்தால் பின்னால் கண்ணாக்காடு மட்டும் வரும். புதிய கம்பு ஒன்றைச் சரியான இடத்தில் நட்டுப் பார்த்தேன். இரண்டு நாளாக எந்தப் பறவையும் அதைச் சீண்டவில்லை. பழகிய கம்பைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் பறவை கூடவே வரும் என்று வகுப்பில் ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது.

ஆகவே ஒரு நாளைக்கு இரண்டு முழம். காலை ஐந்தரைக்கு இறங்கி, கம்பைப் பிடுங்கி, இரண்டு முழம் தள்ளி நடுவேன். அதற்குமேல் நகர்த்தினால் பறவைக்குத் தெரிந்துவிடும். பறவைக்குத் தெரியாதது மனிதருக்கும் தெரியவில்லை. கரையிலிருந்து பார்த்தால் வாவியில் இரண்டு முழம் ஒன்றுமில்லை. சிவப்புத் துணி படத்தில் விழுந்ததால் அவிழ்த்துத் தண்ணீரோடு ஒட்டினாற்போல் கீழே கட்டினேன். வீசிவிட மனம் வரவில்லை. அது எச்சரிக்கைத் துணி அல்லவா. அதை வீசியிருந்தால் யாராவது கம்பைப் பார்த்து இது நம்முடையதல்ல என்று தயங்கியிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

எட்டாம் நாள் நட்ட பிறகு, கையிலிருந்த தடியால் கம்புக்கு இடப்பக்கம் ஆழம் பார்த்தேன். தடி முழுதும் உள்ளே போனது, தரை தட்டவில்லை. அன்றைய குறிப்பில், "மடு இப்போது கம்புக்குப் பின்னாலும் இடப்பக்கமும். ஞாயிறு பழைய இடத்தில் நட வேண்டும்," என்று எழுதியிருக்கிறேன். திங்கள் லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஞாயிறு போதும் என்று கணக்கிட்டேன்.

அந்த நாட்களில் வாவியில் ஆட்கள் குறைவு. வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டைகளில் அறுவடை. நல்லரத்தினம் அண்ணனும் அங்கே போயிருந்தார். சீதேவி அக்காவுக்குக் காலில் முள் ஏறி, பத்து நாள் தண்ணீரில் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நான் வகுப்புக்குப் பஸ் ஏறும்போது சந்தியில் நின்றார். கால் ஆறிவிட்டது என்றார்.

"நாளைக்கு இறங்கணும் மனே. பத்து நாளா வீட்டில பருப்புத்தான். மேனுகா முகத்தச் சுழிக்காள்."

மேனுகா அவருடைய ஒரே மகள். பத்தாம் வகுப்பு. பஸ் வந்துவிட்டது. வகுப்பிலிருந்து திரும்பியதும் கொப்பியில், "சீதேவி அக்காவிடம் கம்பு பற்றிச் சொல்ல வேண்டும்," என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். அவருடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது. காலையில் கரைக்கு வருவார்தானே, அப்போது சொல்லலாம் என்றிருந்தேன்.

சனிக்கிழமை காற்றில்லை. ஆறு நாற்பதுக்குப் பெண் மீன்கொத்தி வந்து கம்பில் இருந்தது. ஆறு ஐம்பதுக்கு ஆண் மீனோடு வந்தது. ஆனால் உடனே ஊட்டவில்லை. மீனைக் கம்பில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா எனக்குப் பின்னால் வராமல், மறுபக்கத்துத் துறையால் இறங்கியிருக்கிறார். நான் அவரைக் கவனிக்கவில்லை, பறவையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உங்கள் விசாரணையில் சொன்னேன். அந்த லென்ஸில் கண் வைத்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு உலகம்தான் தெரியும். நீங்கள் அதை ஏற்றுக்கொண்டீர்கள்.

பறவைகள் பறந்ததும் தலையை நிமிர்த்தினேன். பறி மட்டும் மிதந்தது. நான் கத்தினேன். கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்து பாய்ந்தார்கள். நானும் கழுத்தளவு வரை போனேன். பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். கரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார்கள். பறிக்குள் கைப்பிடி அளவு இறால், உயிரோடு இருந்தது.

செத்த வீட்டில் வைப்பதற்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்தார்கள். பெருப்பித்துத் தரும்படி மேனுகா என்னிடம்தான் கொண்டுவந்தாள். முகத்தில் இருந்த கீறல்களை நீக்க நான் இரண்டு மணி நேரம் வேலை செய்தேன். நன்றாக வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு நல்லரத்தினம் அண்ணனைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று நினைக்கிறேன். அவர் கதிரை எடுத்துப் போட்டார்.

"நீ கூப்பிட்டதாலதான் தம்பி உடம்பாவது கெதியாக் கிடைச்சது," என்றார். "நான் நட்டது பிழ. வட்டைக்குப் போகக்குள்ள ஒருக்கா அசைச்சுப் பாத்திருக்கணும். இருவது வருசமா ஊருக்கு நட்டன். எனக்கெண்டு வரக்குள்ள பிழைச்சுப் போச்சு."

நீரோட்டம் இழுத்திருக்கும் அண்ணே, உங்கள் பிழையல்ல என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வாவியில் நீரோட்டம் எந்த மாதம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். மேனுகா தேநீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். தகப்பனுக்கு வைக்கவில்லை. அவருடன் அவள் பேசுவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

கண்காட்சியில் என் படத்தை நடுச்சுவரில் மாட்டினார்கள். ஆண் குனிந்து ஊட்டுகிறது, பெண் வாயைத் திறந்திருக்கிறது, மீனின் வாலில் ஒரு துளி. பஹ்மி சேர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பின்னணியப் பாருங்க, ஒரு அழுக்கில்ல. குருவி பாக்கிற பக்கம் எவ்வளவு வெளி உட்டிருக்கான். இத நான் சொல்லிக் குடுத்து வாறதில்ல."

அன்றிரவு தூங்கவில்லை என்று எழுதினால் பொய். தூங்கினேன். ஆனால் அடுத்த நாள் கணினியைத் திறந்து, அந்தக் காலை எடுத்த படங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதுவரை கண்காட்சிக்குத் தேர்ந்த ஒன்றைத் தவிர வேறெதையும் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று என்னையே கேட்டதும் அப்போதுதான். எல்லாவற்றையும் ஒரு இறுவட்டில் பதிந்து இதோடு இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்திலும் நேரம் இருக்கிறது.

104ஆம் படத்திலிருந்து கம்புக்கு இடப்பக்கம், பின்னால், தெளிவில்லாத ஒரு மஞ்சள் தெரிகிறது. முதலில் உயரமாக. 112இல் பாதி உயரம். 118இல் தண்ணீரோடு ஒட்டியபடி, சட்டத்தின் இட ஓரத்தில். 119இல் மஞ்சள் இல்லை. அவர் மூழ்கிவிட்டார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைக்கத்தான் முயன்றேன். ஆனால் 119இல் கம்பும் நடுவில் இல்லை, இட ஓரத்துக்குப் போயிருக்கிறது. வலப்பக்கம் முழுவதும் வெளி. லென்ஸ் தானாகத் திரும்பாது. அன்று காற்றும் இல்லை. பின்னணியில் ஒரு நிறம் இடைஞ்சல் செய்தால் அதை வெளியே தள்ளும்படி திருப்ப வேண்டும் என்று பழகிய கை அது. நான்தான் திருப்பினேன்.

119ஆம் படத்தின் நேரம் ஆறு ஐம்பத்தொன்று, பதினாறாவது வினாடி. பறவைகள் பறந்தது நாற்பத்தொன்பதாவது வினாடியில். வலை தைத்த இருவரும் என்னிலிருந்து இருபது காலடித் தூரத்தில் இருந்தார்கள். வாயைத் திறந்தால் போதும். திறந்தால் மீன்கொத்தி பறந்துவிடும். ஆண் அப்போதுதான் மீனின் தலையைப் பெண் பக்கம் திருப்பிப் பிடித்தது.

118ஆம் படத்தை மட்டும் நீங்கள் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மஞ்சளுக்கு மேலே மண்ணிறத்தில் இன்னொரு சிறு திட்டு இருக்கிறது. விபரம் இல்லை. கண்ணாக் கிளையின் நிழல் என்று வாதாடலாம், உங்கள் அலுவலகத்தில் யாரும் மறுக்க முடியாது. அது கை என்று எனக்கு லென்ஸைத் திருப்பும்போதே தெரியும்.